சீகன்பால்கு ஐயரின் ஒரு நாள்

கருக்களாச்சேரியிலிருந்து தரங்கம்பாடிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் காரைக்கால் வந்து சேர வேண்டும். அங்கிருந்து கோட்டுச்சேரி வழியாக வடக்கே போகும் பேருந்தில் ஏறினால், நண்டலாற்றைத் தாண்டிப் பொறையாறு. அதற்கு அடுத்தது தரங்கம்பாடி. இடையில் ஒரு மாநில எல்லை குறுக்கிடுகிறது என்பதை ஊர்ப் பெயர்ப் பலகைகளும் மதுக்கடைகளின் எண்ணிக்கையும்தான் சொல்லும். மற்றபடி ஒரே கடல், ஒரே மண்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரையில் தேதி கூட ஒன்றாக இல்லை. 1620 முதல் தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்தது. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தது பிறகுதான், 1739-இல். அதுவரை அது தஞ்சை மராட்டியர் சீமை. டென்மார்க் 1700-இல் புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. சென்னையிலும் கடலூரிலும் இருந்த ஆங்கிலேயரோ 1752 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. ஆகவே சென்னையில் ஒரு பாதிரியார் ஜூலை முதல் தேதி என்று போட்டு எழுதிய கடிதம், தரங்கம்பாடிக் கணக்குப்படி ஜூலை 12-இல் எழுதியது. ஊர்க்காரருக்கு இந்த இரண்டும் பொருட்டல்ல. அவர்களுக்குப் பஞ்சாங்கம் இருந்தது, நாளுக்கு அறுபது நாழிகை இருந்தது, கரையில் இருந்தவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் இருந்தன.

இப்படிப்பட்ட கரையில் 1706 ஜூலை 9-ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் கப்பலிலிருந்து இறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய லுத்தரன் மிஷனரிகள், இருவரும் ஜெர்மானியர். சீகன்பால்குக்கு ஏறக்குறைய 24 வயது. உடம்பு பலமில்லை, வயிற்றுக் கோளாறு சின்ன வயதிலிருந்தே உண்டு. கோபன்ஹேகனிலிருந்து 1705 நவம்பர் 29-இல் கிளம்பியவர்கள் வந்து சேர ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. ஊருக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினால் பதில் வர ஒன்றரை வருஷம் ஆகலாம். கப்பல் கிளம்பும் பருவத்தைத் தவறவிட்டால் அதற்கு மேலும் ஆகும்.

அவர்கள் வந்த வழியைச் சொன்னால்தான் அவர்களுடைய மணிக்கணக்கு புரியும். இருவரும் ஹாலே நகரத்து அகஸ்டு ஹெர்மன் பிராங்கேயின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள். பிராங்கே அங்கே அனாதை இல்லம், பள்ளிக்கூடங்கள், மருந்துச்சாலை, அச்சகம் என்று ஒரு தனி ஊரையே கட்டி எழுப்பியவர். அந்த வளாகத்தில் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வேலையில்லாத நேரம் என்று ஒன்று விடப்படவில்லை. வீணான ஒரு மணி நேரத்துக்கும் கடவுளிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. காலத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று எபேசு சபைக்குப் பவுல் எழுதிய புத்திமதியை அவர்கள் வெறும் பிரசங்கப் பொருளாக வைத்துக்கொள்ளாமல் கால அட்டவணையாகவே மாற்றிவிட்டார்கள். பிராங்கே 1713-இல் காலத்தைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றியே தனியாக ஒரு நூலும் எழுதினார்.

சீகன்பால்கு வந்திறங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதத்தில் தம்முடைய ஒரு நாளை மணிவாரியாக விவரித்திருக்கிறார். தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவ ஊழியரின் நாள் இவ்வளவு விளக்கமாகக் காணக் கிடைப்பது அரிது.

காலை ஆறு மணிக்கு ஜெபம் முடிந்ததும் தமிழில் ஞானோபதேச வகுப்பு. ஏழிலிருந்து எட்டு வரை ஏற்கெனவே எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் மறுபடி சொல்லிப் பார்ப்பது. எட்டு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு வரை, அதாவது பத்து நாழிகை, இதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. அப்போது பக்கத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் வயதான புலவர். செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்வார். மற்றவர் எழுத்தர், புதிதாக வரும் ஒவ்வொரு சொல்லையும் அங்கேயே குறித்துக்கொள்வார். மதியச் சாப்பாட்டின்போதும் யாராவது வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்ட பின் சிறிது ஓய்வு. இந்த வெயிலில் உண்டவுடன் வேலை ஓடாது என்பதை அவர் சீக்கிரமே ஒப்புக்கொண்டார். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடியும் தமிழ் நூல்கள். இரவு ஏழு மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், வேறொருவர் படிக்க அவர் கேட்பார். தாம் பேசும்போதும் எழுதும்போதும் பின்பற்றத்தக்க நடை எதில் இருக்கிறதோ அந்த நூலையே திரும்பத் திரும்ப, சிலவற்றைப் பல முறை, வாசிக்கச் சொல்வார்.

இந்த அட்டவணையில் பிரசங்கத்துக்கும் ஊர் சுற்றலுக்கும் கிடைக்கும் நேரத்தைவிட, உட்கார்ந்து தமிழ் படிக்கும் நேரம் மிக அதிகம். மனிதர்களை மதம் மாற்ற வந்தவர் நாளின் நல்ல பொழுதையெல்லாம் ஏட்டுச் சுவடிக்குக் கொடுத்திருக்கிறார். அவசரக்காரராக இருந்தால் ஒரு துபாஷியை வைத்துக்கொண்டு முதல் வாரமே பேசப் புறப்பட்டிருப்பார். சீகன்பால்கு அப்படிச் செய்யவில்லை. எதை முதலில் செய்வது என்று அவர் எடுத்த இந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்று தோன்றுகிறது. விடியற்காலையில் எழுவது யாராலும் முடியும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வந்த இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கரையோரப் பட்டணங்களில் புழங்கிய போர்ச்சுக்கீசியம் புளுட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு. இரண்டையும் இருவரும் படித்திருந்தால் இரண்டும் அரைகுறையாய்ப் போயிருக்கும்.

தமிழ் தொடங்கிய விதமும் சுவையானது. ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு தாமும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். வாத்தியாருக்கு எழுத்து தெரியும், ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அதற்கு அழகப்பன் என்ற துபாஷி வந்தார். அவருக்குப் போர்ச்சுக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேச வரும். வாத்தியாரின் மகன் கணபதி வாத்தியார், தாமும் புலவர், இந்த வட்டத்துக்குள் வந்து பின்னால் திருமுழுக்கும் பெற்றார். ஜெர்மனியில் அச்சான அட்டவணையில் ‘நான்’ என்று வருமிடமெல்லாம் உண்மையில் மூன்று நான்கு பேரின் நேரம் அடங்கியிருக்கிறது. எட்டு மணிக்கு ஐயர் உட்கார்ந்தார் என்றால் புலவரும் எழுத்தரும் எட்டு மணிக்கு வந்தார்கள் என்று பொருள். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்று எழுதி வைக்க யாருமில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. 1708-இலேயே தாம் படித்தும் திரட்டியும் வைத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்துவிட்டார். உரைநடைக்கு ஒன்றும் செய்யுளுக்கு ஒன்றுமாக இரண்டு சொற்தொகுதிகள் சேர்ந்தன. 1708 அக்டோபர் 17-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் தளபதியோடு ஏற்பட்ட மோதலில் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதம்! முதலில் எழுதுகோலும் மையும் கூட மறுக்கப்பட்டன. கிடைத்த பிறகு, அந்தச் சிறையிலேயே இரண்டு நூல்கள் எழுதினார். வெளியே வந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711 மார்ச் 31-இல் முடித்தார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர, 1714-இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் மீதியும் தரங்கம்பாடியில் அச்சாயின.

இடையில் ஒருமுறை ஐரோப்பாவுக்குப் போய் வந்த சீகன்பால்கு, போகும் கப்பலிலும் சும்மா இருக்கவில்லை. மலையப்பன் என்ற தமிழ் இளைஞரைக் கூட அழைத்துச் சென்றார். கடலில் போன மாதங்களில் அவரோடு தமிழ் பேசிக்கொண்டே லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716-இல் ஹாலேயில் அச்சேறியது.

இனி மறுபக்கம். 1719 பிப்ரவரி 23-இல் சீகன்பால்கு இறந்தபோது வயது 36. இந்தியாவில் அவர் இருந்த காலம், பயணத்தைக் கழித்தால், பதினோரு ஆண்டுகூட இல்லை. வயிற்று வலி கடைசிவரை போகவில்லை. கோபன்ஹேகன் மிஷன் அலுவலகத்தின் செயலர் வெண்ட் வேறு, கட்டடம் எதற்கு, செலவு எதற்கு என்று கண்டனக் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தார். ஊழியர் அப்போஸ்தலரைப் போலக் கையில் ஒன்றுமில்லாமல் சுற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. உடன் உழைத்த குருண்ட்லரும் அடுத்த ஆண்டே, 1720 மார்ச்சில், காலமானார். அட்டவணை இவர்களைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்த ஐரோப்பியர் பலர் சோம்பேறிகளாக இருந்தும் சீக்கிரம் செத்தார்கள். ஆனால் மதிய ஓய்வைத் தவிர உடம்புக்கென்று அந்த அட்டவணையில் எதுவும் இல்லை என்பது கண்ணில் படத்தான் செய்கிறது. ஹாலேக்காரர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்கள். செலவழிக்கத் தெரிந்தவர்கள் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நண்டலாற்றுக்குத் தெற்கே, பிரெஞ்சுக் காரைக்காலில் வேரூன்றியது கத்தோலிக்க மரபு. அங்கே கடவுளுக்குரிய நேரம் எழுத்தில் இல்லை, மணியில் இருந்தது. காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடிக்கும்போது கைவேலையை நிறுத்தி மூவேளை செபம் சொல்லி, மறுபடி வேலையைத் தொடர்வது. நாட்குறிப்பு வேண்டாம், படிப்பறிவு வேண்டாம், கடிகாரம் வைத்திருக்கக்கூட வேண்டாம். ஆண்டுக் கணக்கும் அப்படியே. ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறி செப்டம்பர் 8-இல் திருவிழா முடியும். அந்த நாட்களை ஒட்டிப் புதுச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் இன்றும் காரைக்கால் வழியாகத்தான் கடந்து போகிறார்கள். அலுவலகத்தில் பத்து நாள் லீவு போட்டு நடக்கிறவர்கள் அவர்களில் நிறைய.

பாதிரியாருக்கு ஊழியமே வேலை. காலை முதல் மாலை வரை வேறொரு வேலையில் கட்டுண்டு கிடக்கும் கிறிஸ்தவர் என்ன செய்தார் என்று பார்க்க, அதே தரங்கம்பாடியில் ஒன்றரை நூற்றாண்டு கடந்து வர வேண்டும். 1845-இல் டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1857-இல் அங்கே முன்சீப்பாக வந்தவர் ச. வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்ததால் ஊர்ப்பெயர் ஒட்டி மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆனார். கச்சேரியில் நில வழக்கும் கடன் வழக்குமாகக் குவிந்து கிடக்கும் உத்தியோகம். அதில் இருந்துகொண்டே 1859-இல் நீதிநூல் வெளியிட்டார். 1805 முதல் 1861 வரையான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்று 1862-இல் கொடுத்தார். பெண் கல்விக்காகப் பெண்மதி மாலை 1869-இல் வந்தது.

இவரிடம் சீகன்பால்குவைப் போல மணிவாரிக் கணக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு பழக்கம் தெரிகிறது: கச்சேரி வேலையையே எழுத்தாக்கினார். தீர்ப்புகளைப் படிப்பது அவர் உத்தியோகம். அதைத் தமிழில் தருவது அவர் தொண்டு. ஒரே உழைப்பு இரண்டுக்கும் உதவியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகரோடும் கோபாலகிருஷ்ண பாரதியோடும் நட்பு வைத்துக்கொள்ளவும் அவருக்கு நேரம் இருந்தது. மகாவித்துவான் அவர் மீது குளத்துக்கோவை பாடினார். 1872-இல் பணியை விட்ட பிறகு வேகம் இன்னும் கூடியது. தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை, 1879-இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம், 1887-இல் சுகுண சுந்தரி. மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். 1889-இல் மறைந்தார். பிராங்கேயின் ஹாலேயில் ஒரு நாள் அவரை விட்டிருந்தால், நண்பர்களோடு பாட்டுக் கேட்டு உட்கார்ந்திருந்த மாலைகளை வீண்பொழுது என்று குறித்திருப்பார்கள். அந்தக் கீர்த்தனைகளோ இன்றும் மேடையில் பாடப்படுகின்றன.

தரங்கம்பாடி ராஜவீதியில் 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் நிற்கிறது. பீடத்தின் முன்னால் சீகன்பால்கின் கல்லறை. அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகம் ஆகியிருக்கிறது. ஜூலை 9-ஐ லுத்தரன் சபையார் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரையும், அழகப்பனையும், கணபதி வாத்தியாரையும், எட்டு மணிக்கு எழுத்தாணியோடு வந்து உட்கார்ந்த அந்தப் பெயர் தெரியாத எழுத்தரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சபையார் அதற்கு ஆராதனையில் சில நிமிடம் ஒதுக்கினால் போதும்.