எதற்காகப் போகிறீர்கள்?

என் மாணவிகள் பதினான்கு பேர் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் போகத் திட்டமிட்டார்கள். புதுக்கோட்டை, காரைக்குடி, ராமநாதபுரம் வழியாக நான்கு நாள். ஏறக்குறைய 230 கிலோமீட்டர். அவர்களில் ஒருத்தி கடலையே பார்த்ததில்லை. திட்டம் பிறந்தது அதனால்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புவது, வெயில் ஏறுவதற்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடிப்பது, ஆளுக்கொரு மாற்று டியூப், இரண்டு பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல், கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்குகளின் பட்டியல், இரவு தங்கக் கல்யாண மண்டபங்கள், கூடவே வரும் வேன். மாதவிலக்கு நாளில் ஓட்ட முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம், ஓட்ட விரும்புகிறவர்களை யாரும் தடுக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது.

அனுமதி கேட்டுப் போன இடங்களிலெல்லாம் ஒரே கேள்வி: "எதற்காகப் போகிறீர்கள்?" கடல் பார்க்க என்ற பதில் வீட்டிலும் செல்லவில்லை, வெளியிலும் செல்லவில்லை. மூன்றாவது வாரம் நோட்டைப் பார்த்தபோது தலைப்பு மாறியிருந்தது. படிப்பை நிறுத்திவிட்ட பெண்கள் தனித்தேர்வு எழுதக் கட்டணம் திரட்டும் சைக்கிள் பயணம் என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்துகள் மளமளவென்று விழத் தொடங்கின. சாலை அதுவேதான், வெயிலும் பெண்களும் அவர்களேதான். ஆனால் இப்போது அவர்கள் தங்களுக்காகப் போகவில்லை.

அந்த நோக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் தேர்வைத் தவறவிட்ட பெண்களை நானே அறிவேன். என்னை உறுத்தியது வேறு. ஒரு பெண் நெடுந்தூரம் போக வேண்டுமென்றால், பிறர் நலன் என்ற அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சீட்டுக்குச் சைக்கிளின் வயது இருக்கிறது.

1894 ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார் ஆனி கோப்சோவ்ஸ்கி. லாட்வியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண். மூன்று சிறு குழந்தைகளின் தாய். அதற்குமுன் சைக்கிள் ஓட்டிய பழக்கம் அவருக்கு அநேகமாக இல்லை. லண்டன்டெரி என்ற ஊற்றுநீர் நிறுவனம் 100 டாலர் கொடுத்தது. பதிலுக்கு அதன் விளம்பரப் பலகையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, அதன் பெயரையே தன் பெயராக்கி ஆனி லண்டன்டெரி ஆனார். நீண்ட பாவாடையும் பத்தொன்பது கிலோ எடையுள்ள பெண்கள் சைக்கிளுமாகப் புறப்பட்டவர், சிகாகோ போய்ச் சேர்வதற்குள் அது நடக்காத காரியம் என்று கண்டுகொண்டார். அங்கே பாதி எடைதான் உள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார், உடையையும் மாற்றிக்கொண்டார். வழியில் பெரும்பகுதி கப்பல்தான். கொழும்பையும் தொட்டுப் போயிருக்கிறார். 1895 செப்டம்பரில் பயணம் முடிந்தது.

ஏன் கிளம்பினார்? ஒரு பெண்ணால் 15 மாதத்தில் உலகைச் சுற்றிவந்து 5,000 டாலரும் சம்பாதிக்க முடியாது என்று பாஸ்டனில் இரண்டு பணக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள் என்பது அவர் சொன்ன கதை. அப்படி ஒரு பந்தயம் நடந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அவரே கட்டிய கதையாக இருக்கலாம். அதைப் பொய் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளையும் கணவனையும் விட்டு வந்த பெண் "எனக்குப் போக வேண்டும் போலிருந்தது" என்று சொன்னால் எந்த ஊர் அவருக்குக் கைதட்டியிருக்கும்? பந்தயம் என்ற ஒன்று இருந்ததால் ஊர் ஊராகக் கூட்டம் கூடி வரவேற்றது. என் மாணவிகள் நோட்டின் தலைப்பை மாற்றியதும் அவர் பந்தயக் கதை சொன்னதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபிக்கு அனுமதி வேறு வடிவில் வந்தது. 1941இல் பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்த பரிசுகள் ஒரு சைக்கிளும் ஓர் உலக வரைபட நூலும். இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். மூட்டுவாதத்தால் முடங்கிய தாயைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. தாய் இறந்தது 1962இல். அடுத்த ஜனவரியில், கடும் பனியில், டன்கிர்க்கிலிருந்து கிளம்பினார். ஆசியச் சாலைகளுக்குத் தாங்காது என்று சைக்கிளின் கியரைக் கழற்றிவிட்டார். கைத்துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் கடந்து ஜூலையில் டெல்லி வந்தார். பிறகு திபெத்திய அகதிக் குழந்தைகளுக்காக வேலை செய்தார். அந்தத் தொண்டைக் காட்டி அவர் பயணத்துக்கு அனுமதி வாங்கவில்லை. பயணத்துக்குப் பிறகு அதைத் தானே தேர்ந்துகொண்டார். ஆனால் அதற்குமுன் பதினாறு ஆண்டுகள் வீட்டில் உழைத்துத் தீர்த்திருந்தார்.

இதைப் படித்த அன்று மாணவிகளின் நோட்டில் இல்லாத ஒரு பக்கம் எனக்குத் தெரிந்தது. அவர்கள் போகும் நான்கு நாளும் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? அதையும் எழுதச் சொன்னேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் "அம்மா" என்று எழுதினார்கள். மூன்று பேர் "தம்பி" என்று எழுதினார்கள். இரண்டு பேர் அந்த இடத்தை நிரப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

2016இல் திருக்பா பௌத்தப் பிரிவைச் சேர்ந்த 500 பிக்குணிகள் காத்மாண்டுவிலிருந்து லே வரை 4,000 கிலோமீட்டர் சைக்கிளில் போனார்கள். 2015 நேபாள நிலநடுக்கத்துக்குப் பின் ஏழைக் குடும்பத்துப் பெண் குழந்தைகள் கடத்தப்பட்டும் விற்கப்பட்டும் போனதை எதிர்த்துப் பேசுவதற்கான பயணம் அது. வழியில் பலர் அவர்களைப் பையன்கள் என்றே நினைத்தார்களாம். இங்கே பிறர் நலனும் தன் நலனும் ஒன்றாகவே ஓடின. பெண் பிள்ளை விற்பனைப் பொருள் அல்ல என்று அவர்கள் வாயால் சொன்னதற்கு, மலைச்சாலையில் மிதித்துவந்த அவர்களே சாட்சியாக இருந்தார்கள்.

நம் மாணவிகள் முதல் இரவு தங்கவிருந்த புதுக்கோட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அங்கே நடந்த அறிவொளி இயக்கத்தில், ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதும் ஒரு பாடமானது. வயல்வேலை செய்தவர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாக ஓட்டி வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை என்பதால் ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலிப் பேச்சுகளையும் கேட்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கேயும் ஒரு சீட்டு இருந்தது. அதில் அறிவொளி என்று எழுதியிருந்தது. ஆனால் இயக்கத்தின் வேகம் தணிந்த பிறகும் பல பெண்கள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் மாணவி ஒருத்தியின் அப்பத்தா அப்போது கற்றவர். பயணத் திட்டத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அவள் வகுப்பில் வந்து சொன்னாள்: "தண்ணிக்குப் போறேன்னு சொல்லித்தான்டி சைக்கிள எடுப்பேன். குடத்தக் கட்டிக்கிட்டு நேரா கொழாய்க்குப் போவேன்னு நெனைச்சியா? கம்மாக்கரைய ஒரு சுத்துச் சுத்திப்புட்டுத்தான் போவேன். அந்தச் சுத்து எனக்கு."

தலைப்பை நாங்கள் மறுபடி மாற்றவில்லை. கட்டணம் தேவைப்படும் பெண்கள் இருக்கிறார்கள். பணம் திரட்டத்தான் வேண்டும். திரட்டும் பணத்துக்கு ரசீதுப் புத்தகம் அடித்தாயிற்று. நான்காம் நாள் பக்கத்தில் மட்டும் நன்கொடையாளர்களைச் சந்திப்பது என்ற வரிக்கு மேலே இன்னொரு வரியைச் சேர்த்தார்கள்: காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, கடல். எதற்காக என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.