பசுவுக்கு ஓய்வு: அமிர்த மகால் தரும் பாடம்

தங்கவயலுக்கு அண்மையில் பூதிகோட்டை என்னும் சிற்றூர் உள்ளது. மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் அது. கோலார்ப் பகுதியிற் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு அப்பெயர் புதிதன்று. ஐதரின் போர்களைப் பலரும் அறிவர்; அப்போர்களுக்குத் துணை நின்ற மாட்டு மந்தைகளின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. பசு வளர்ப்போருக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

1672 முதல் 1704 வரை மைசூரை ஆண்ட சிக்கதேவராய உடையார், அரசின் மாடுகளைப் பேணுதற்கு ‘வெண்ணெய்ச் சாவடி’ என்னும் துறையை நிறுவினார். ஐதர் அம்மந்தைகளைப் பெருக்கிப் படைக்கு வேண்டிய காளைகளைப் பெற்றார். 1781-இல் அவர் இரண்டரை நாளில் 100 மைல் கடந்து சிதம்பரத்திற்கு விரைந்தது இக்காளைகளின் வலிமையாலேயே என்று மைசூர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். திப்பு சுல்தான் அத்துறைக்கு ‘அமிர்த மகால்’ எனப் பெயரிட்டார்.

அம்மந்தைகளுக்கென ஒதுக்கிய மேய்ச்சல் நிலங்கள் ‘காவல்’ எனப்பட்டன. கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களுக்கும் அவை தனித்தனியே வகுக்கப்பட்டிருந்தன. கோடைக் காவல்கள் பெரும்பாலும் பசும்புல்லும் நிழல்மரங்களும் உடைய ஏரிப் படுகைகளே. வெயிலில் மாடு தளர்ந்தால் மந்தையே தளரும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

1799-க்குப் பின் பராமரிப்புக் குன்றி மந்தைகள் நலிந்தன. 1813-இல் படை அதிகாரி ஒருவரின் பொறுப்பில் வந்தபின் மீண்டும் தேறின. 1860-இல் சிக்கனம் கருதி அவற்றை விற்றுவிட்டனர். அதன் இழப்பு விரைவில் புலப்பட்டது; 1866-இல் மந்தையை மீண்டும் உருவாக்க நேர்ந்தது. உடனடி வரவு தராத காலத்தில் மாட்டைப் பேணாமை சிக்கனம் ஆகாது.

இதே பிழை இன்று மாட்டுத் தொழுவத்திலும் நிகழ்வதுண்டு. அமிர்த மகால் உழைப்புக்குரிய இனம். இப்பகுதியில் இன்று பாலுக்காக மிகுதியாய் வளர்க்கப்படுபவை கலப்பினப் பசுக்கள். வெப்பம் அவற்றை எளிதில் வருத்தும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். இறுதி 60 நாட்கள் பால் கறவாது விடல் வேண்டும். மடியின் பழைய திசுக்கள் நீங்கிப் புதியன தோன்றுவது அப்போதுதான். ஈனும்வரை கறந்தால், அடுத்த ஈற்றில் பால் குறையும்.

கறவை நின்ற பசுவுக்கு நிழல் எதற்கு என்று எண்ணுதல் தவறு. வற்றுக் காலத்தில் குளிர்ச்சி பெற்ற பசுக்கள், ஈன்றபின் நாளொன்றுக்குச் சில லிட்டர் மிகுதியாகக் கறந்ததையும், அவற்றின் கன்றுகள் எடை மிகுந்து பிறந்ததையும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆகவே, ஏழாம் மாத முடிவில் அடர்தீவனத்தைக் குறைத்துக் கறவையை நிறுத்துக. மடிநோய்க்குரிய காப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செலுத்துக. மரநிழலோ உயர்ந்த கூரையோ, எந்நேரமும் குடிநீரோ குறைதலாகாது. உச்சி வெயிலில் உடலில் நீர் தெளிக்க. ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரங்கட்கு முன் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

2001-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாலோ இன்றும் கோலார் மாவட்டத்தின் செல்வமாக விளங்குகின்றது. அச்செல்வம் நிலைக்கப் பசுவுக்கு இரண்டு மாத ஓய்வு கொடுப்போமாக.