வன்தட்டும் பழைய பதிவேடும்



கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவரால் தொடங்கப்பட்டது. இம்மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழர்களின் பிள்ளைகளுக்காக எழுந்தவையே இங்குள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். பாட்டன், பூட்டன் பெயரைத் தேடி வருவோருக்கு அப்பள்ளிகளின் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் அரிய சான்றுகள்.

குளிரிலும் ஈரத்திலும் பூஞ்சை பிடித்த அத்தகைய ஏடுகளைச் சில ஆண்டுகளுக்கு முன்பு நான் படமெடுத்துக் கணினியில் சேர்த்து வந்தேன். “கணினியில் ஏறிவிட்டதே, இனி இந்தப் பழைய தாள் எதற்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே வாரம், மழை கொட்டிய ஒரு மாலையில் மின்சாரம் தடைப்பட்டது. சேமித்தாயிற்று என்று கணினி அறிவித்திருந்த கடைசிப் பக்கங்கள் மறுநாள் திறக்கவில்லை. காரணம் தேடியபோது வன்தட்டின் வரலாற்றையே படிக்க நேர்ந்தது.

முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் ராமாக் கணினியுடன் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. தட்டின் மேற்பரப்பில் சிறு பழுது இருந்தாலும் தரவு கெடக்கூடும். 1970-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 3330 வன்தட்டு இதற்குப் பிழைதிருத்தக் குறியீட்டைக் கையாண்டது. மாணவர்க்கு இதை எளிதில் விளக்கலாம். 4, 7, 2 என்னும் எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 13-ஐயும் எழுதிவைத்தால், நடு எண் அழிந்தாலும் அது 7 என்று மீட்டுவிடலாம். வன்தட்டின் கணக்கு இதனினும் நுட்பமானது, அடிப்படை இதுவே. பழுதான பகுதியை ஒதுக்கி, உதிரிப் பகுதியில் எழுதும் முறையும் உண்டு. தன் உடல்நிலையைத் தானே கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு 1990-களில் சேர்ந்தது.

அடுத்தது வேகம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிநொடி ஆகிறது. கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றினால், படிக்கும் முனை அங்குமிங்கும் அலைந்தே காலம் கழியும். கொழுந்து ஏற்றும் லோரியை எண்ணிப் பாருங்கள். அழைப்பு வந்த வரிசைப்படி மலையேறி இறங்கி அலையாமல், வழியிலுள்ள மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவதே சிக்கனம். இத்தகைய வரிசைமுறைகளைப் பீட்டர் டென்னிங் 1967-இல் ஆராய்ந்து எழுதினார். 1994-இல் தரமாக ஏற்கப்பட்ட ஸ்கசி-2, கட்டளைகளுக்கு அடையாளமிட்டு வரிசையில் நிறுத்த வழிசெய்தது. 2004 வாக்கில் வீட்டுக் கணினிகளின் சாட்டா வன்தட்டுகளும் 32 கட்டளைகள் வரை பெற்று, தமக்கு உகந்த வரிசையில் முடிக்கலாயின.

என் பக்கங்கள் தொலைந்த இடமும் இதனருகில்தான் உள்ளது. எழுதவேண்டிய தரவு முதலில் தற்காலிக நினைவகத்தில் தங்குகிறது. அது தட்டில் பதியுமுன்பே “முடிந்தது” என்ற மறுமொழி வந்துவிடலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், நினைவகத்திலிருந்தது மறைந்துவிடும். இதற்காகவே, தேங்கியிருப்பதை உடனே தட்டில் எழுதுமாறு பணிக்கும் தனிக் கட்டளையும் உண்டு. கணினியை முறைப்படி நிறுத்தும்போது அக்கட்டளை செல்கிறது; மின்தடை அதற்கு அவகாசம் தருவதில்லை.

பிழைதிருத்தக் குறியீடு தட்டின் பழுதைத் திருத்தும். தட்டுக்கு வந்து சேராத பக்கத்தை அதனால் மீட்க இயலாது. வன்தட்டே செயலிழந்தால் அதிலுள்ள எந்தக் காப்பும் உதவாது. எனவே பள்ளி ஆவணங்களுக்கு மூன்று படிகளேனும் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் நலம். மின்தடையைத் தாங்கும் மின்கலக் கருவியும் தேவை.

பதிவேட்டை எறியாமல் வைத்திருந்ததால், தொலைந்த பக்கங்களை மீண்டும் படமெடுத்தேன். அவற்றுள் ஒன்றில், கையெழுத்திடத் தெரியாத ஒரு தந்தையின் பெருவிரல் ரேகை இருந்தது. அந்த ஏடு இன்னும் அலமாரியில் பத்திரமாக உள்ளது. உங்கள் பள்ளியின் ஏடுகளையும் படமெடுங்கள், எடுத்தபின் எறிந்துவிடாதீர்கள்.