கருவிழியைக் கரைக்கும் உணவுக் குறை

கண் நோய் என்றதும் கிருமிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கிருமியே இல்லாமல், உணவில் ஒரு சத்து குறைவதாலேயே கருவிழி அழிந்து போவதுண்டு. மருத்துவர்கள் இதைக் கெரட்டோமலேசியா என்பார்கள். தென்னிந்தியாவில் ஏராளமான ஏழைக் குழந்தைகளின் பார்வையைப் பறித்த நோய் இது.

உடலில் வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். அடுத்து விழியின் வெள்ளைப் பகுதி காய்ந்து, நுரை போன்ற திட்டுகள் தோன்றும். 1863-ல் பிரெஞ்சு மருத்துவர் பிட்டோ விவரித்ததால் இவை பிட்டோ புள்ளிகள் எனப்படுகின்றன. பிறகு கருவிழி உலர்ந்து மென்மையாகி, சில நாட்களிலேயே கரைந்துவிடும்.

1819-ல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர்.இ.ரைட், 1922-லேயே தென்னிந்தியாவில் இந்நோய் இருப்பதைப் பற்றி எழுதினார். பின்னர் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் அய்க்ராய்டும் அவரும் செம்பனை எண்ணெய் கொடுத்துச் சிகிச்சை செய்து, அதன் முடிவை 1937-ல் வெளியிட்டார்கள். அந்த எண்ணெய்க்குச் சிவப்பு நிறம் தரும் கரோட்டின்தான் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறுகிறது.

1945-ல் அதே எழும்பூர் மருத்துவமனையில் டாக்டர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். தழும்பு விழுந்த கருவிழியை மாற்ற வழி பிறந்தது. ஆனால் முழுதும் கரைந்து சுருங்கிய கண்ணுக்கு அதனால் பயனில்லை. எனவே வருமுன் காப்பதே சரி என்று 1970-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம். கல்லீரல் இதைச் சேமித்து வைத்துக்கொள்வதால் இந்த இடைவெளி போதும்.

இதன் பயன் கண்ணோடு நிற்கவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். 1990-ல் வெளியான முடிவின்படி, வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கென்று கொடுத்த மருந்து உயிரையும் காத்தது!

இன்று குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் 1 லட்சம் யூனிட்டில் தொடங்கி, ஐந்து வயது வரை இத்திரவம் இலவசமாகத் தரப்படுகிறது. தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலை போன்ற மலையூர்களில் இதன் அருமை இன்னும் அதிகம். சில நாட்களில் கரையும் கருவிழி, மலையிறங்கி மருத்துவமனை தேடும்வரை காத்திருக்காது. ஒரு கரண்டி மருந்தும், வீட்டோரத்து முருங்கைக்கீரையும் பப்பாளியும் முன்பே செய்து முடிக்கும் வேலை அது.