உலர்சுவரில் திறப்பு வெட்டும் சுழல்கருவி

அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை அல்ல. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சம் பலகைகளைத் திருகாணியால் பொருத்தி எழுப்பப்படுபவை. இவ்வகைச் சுவர் உலர்சுவர் எனப்படும். நம் ஊரில் பால்ஸ் சீலிங் வேலை செய்வோர் 'ஜிப்சம் போர்டு' என்று சொல்வது இதே பலகையைத்தான்.

இதற்கு முன்பு மரச்சட்டங்களின்மேல் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அறைந்து, அவற்றின்மேல் பொதுவாக மூன்று முறை சாந்து பூசினர். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். வேலை வாரக்கணக்கில் நீளும். அகஸ்டின் சேக்கெட் என்பவர் தாள்களுக்கிடையே சாந்தை வைத்துச் செய்த பலகைக்கு 1894-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் அவரது நிறுவனத்தை வாங்கிய யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம், 1917-இல் 'ஷீட்ராக்' என்ற பெயரை அறிமுகப்படுத்தியது. ஆயினும் பூச்சுச் சுவரே உயர்ந்தது என்ற எண்ணம் மக்களிடம் நெடுங்காலம் நீடித்தது. இரண்டாம் உலகப்போர்க் கால ஆள் பற்றாக்குறையும், போருக்குப் பின் பெருகிய வீட்டுத் தேவையுமே அதை மாற்றின.

பலகை வந்ததும் புதிய சிக்கல் ஒன்றும் வந்தது. மின்பெட்டிகள் முதலிலேயே மரச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். பலகையை நிறுத்தினால் அவை மறைந்துவிடும். எனவே ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் அளந்து, பலகையில் குறித்து, கூர்முனைக் கைவாளால் அறுத்த பின்பே பலகையை மாட்டினர். அளவு சற்றுப் பிசகினாலும் திறப்பு பெட்டியோடு பொருந்தாது. பிசகிய இடைவெளி பார்வைக் குறை மட்டும் அன்று. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர், படிகத்தில் கட்டுண்டு இருக்கிறது. தீப்பிடித்தால் அது நீராவியாக வெளியேறி வெப்பம் பரவுவதைத் தாமதப்படுத்தும். பெட்டியைச் சுற்றி ஓட்டை இருந்தால் அந்தக் காப்பு அங்கே இல்லை. அதனால்தான் அந்நாட்டு மின்விதிகள் இந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என்கின்றன.

இதற்கு விடை கண்டவர் பொறியியல் பேராசிரியர் அல்லர். விஸ்கான்சின் மாநிலத்தில் உலர்சுவர் ஒப்பந்தக்காரராக இருந்த பாப் கோப்ராஸ், 1970-களில் இந்த வழியைக் கண்டார். அவர் தொடங்கிய 'ரோட்டோசிப்' பின்னாளில் போஷ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. துளைப்பான் அலகு நுனியால் வெட்டும். இவரது அலகோ பக்கவாட்டிலும் வெட்டும். இவ்வேலைக்கான அலகின் நுனியில் கூர் இராது. அந்த மழுங்கிய நுனி பெட்டியின் வெளிவிளிம்பைத் தொட்டபடியே சுற்றிவர, அளவுகோலின் வேலையைப் பெட்டியே செய்துவிடுகிறது! பலகையை மாட்டிய பின்பே வெட்டலாம்.

ஆனால் வெட்டுபவர் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 முறை சுழலும் அலகுக்கு மின்கம்பியும் ஜிப்சமும் ஒன்றே. எனவே முதலில் அந்தச் சுற்றின் மின்சாரத்தை நிறுத்தி, கம்பிகளைப் பெட்டியின் அடிவரை மடக்கித் தள்ளிவிட வேண்டும். அலகின் ஆழம் பலகையின் தடிமனைவிடச் சிறிதளவே மிகலாம். பெட்டியருகே உள்ள திருகாணிகளை வெட்டி முடித்த பின்பே இறுக்க வேண்டும். முன்பே இறுக்கினால் பெட்டி பலகையை வெளியே தள்ளி உடைத்துவிடும். பெட்டியின் நடுவில் அலகை இறக்கி, ஓரம் தட்டும்வரை நகர்த்தி, வெளிப்பக்கம் ஏற்றி, பிறகு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஏன் எதிர்த்திசை? அலகு கடிகாரத் திசையில் சுழல்வதால், எதிராக நகர்த்தும்போது அது பெட்டியை ஒட்டியே இழுக்கப்படும். மாற்றிச் சுற்றினால் விலகி ஓடும். பெட்டி இல்லாத வெற்றுத் திறப்புக்கு நேர்மாறாகக் கடிகாரத் திசையே பொருந்தும்.

வேகமான கருவி, கைவாளைவிட மிகுதியாகத் தூள் எழுப்புகிறது. கண்ணாடியும் மூச்சுக்கவசமும் அணிவது இதனால்தான். பழைய வீடுகளில் கவலை இன்னும் பெரிது. பலகை இணைப்புகளில் பூசிய சாந்தில் ஒருகாலத்தில் கல்நார் கலக்கப்பட்டது. அவ்வகைப் பூச்சுகளை அமெரிக்க அரசு 1977-இல் தடை செய்தது. தடைக்கு முன் கட்டிய சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றில் திறப்பு வெட்டும் முன், சிறு மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது அங்கே வழக்கம்.