களவுக்குப் பின்னும் தொடர்ந்த பயணங்கள்: பயணிகள் காசோலையின் வரலாறு

பல மாதங்களும் ஆண்டுகளும் நீளும் அயல்நாட்டுப் பயணங்களின் வரலாற்றில் நோய், புயல், போர் ஆகியவற்றுக்கு இணையான இடம் களவுக்கும் உண்டு. நோயிலிருந்து தேறியவர் விட்ட இடத்திலிருந்து புறப்பட முடிந்தது. கைப்பொருள் முழுவதையும் பறிகொடுத்தவரோ, பணம் அனுப்பக்கூடிய உறவினர் ஆயிரம் கல் தொலைவில் இருந்ததால், பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இணையராகப் பயணம் செய்வோரின் நிலை இன்னும் கடினமானது. இருவரின் செலவும் பெரும்பாலும் ஒரே பையில் இருந்தமையால், ஒரு பை போனால் இருவர் பயணமும் போயிற்று. களவு நடக்காமல் தடுப்பதைவிட, களவு நடந்த பின்னும் பயணம் தொடர வழிசெய்வதே பெரிய சிக்கல் என்பதை வணிக உலகம் உணர்ந்து தீர்வு கண்ட கதையே பயணிகள் காசோலையின் கதையாகும்.

அத்தகைய ஏற்பாடு இல்லாத காலத்தில் நேர்ந்த இழப்புக்கு இப்னு பதூதாவின் அனுபவம் சான்றாகும். மதுரை சுல்தான் கியாசுத்தீனின் உறவினராக மணவழியில் அமைந்த அந்த மொராக்கோப் பயணி, 1344-ஐ ஒட்டிய காலத்தில் தமிழகத்திலிருந்து கொல்லம் சென்று, அங்கிருந்து மேற்குக் கரையோரமாக ஹொன்னாவரை நோக்கிக் கப்பலேறியபோது, கடற்கொள்ளையர் 12 மரக்கலங்களில் சூழ்ந்துகொண்டு, இலங்கை மன்னர் அளித்த மணிகள் உட்பட எல்லாவற்றையும் பறித்தனர். இடுப்பில் இருந்த காற்சட்டை ஒன்றுடன் கோழிக்கோடு வந்து சேர்ந்து பள்ளிவாசலில் ஒதுங்கிய அவருக்குச் சட்ட அறிஞர் ஒருவர் மேலாடையும், காஜி ஒருவர் தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பினர். அவரைக் கைவிடாமல் காத்தது சமயச் சமூகத்தின் ஈகைதான். அந்த ஈகை ஒருவரின் கல்வியையும் பெயரையும் பொறுத்தே கிடைத்தது. பெயரில்லாத பயணிகள் எத்தனை பேர் அதே கரையில் எல்லாம் இழந்து மறைந்தனர் என்பதற்குப் பதிவு ஏதும் இல்லை.

இந்திய வணிகர்கள் இச்சிக்கலுக்கு விடை கண்டிருந்தனர் என்பது உலக வங்கி வரலாறுகளில் போதிய அளவு பேசப்படாத செய்தியாகும். ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ள உதவும் எழுத்தாணையே உண்டியல். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுடன் நடத்திய கொடுக்கல்வாங்கலிலும் இதுவே பணத்தைக் கடல் கடத்தியது. வட இந்தியாவில் வழங்கிய ‘ஷா ஜோக்’ என்னும் உண்டியல் வகையில், சந்தையில் நன்மதிப்புடைய வணிகர் ஒருவர் வழியாக வந்தால் மட்டுமே பணம் கொடுக்கப்படும் என்ற கட்டுப்பாடு இருந்தமையால், வழிப்பறி செய்தவன் கையில் அது பெரிதும் பயனற்ற தாளாயிற்று. உண்டியல் தொலைந்தால் ‘பேட்’ என்ற இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் ‘பர்பேட்’ என்ற மூன்றாம் படியும் எழுதித் தரும் மரபு இருந்தது. திருடனுக்குப் பயன்படாமை, உரியவருக்கு மீண்டும் கிடைத்தல் என்னும் இரண்டு கூறுகளும் இங்கேயே முழுமையாக உள்ளன. எனினும் இந்த ஏற்பாடு வணிகர் வட்டத்துக்குள் இயங்கியதே தவிர, அறிமுகமற்ற ஊரில் அறிமுகமற்ற விடுதியில் தங்கும் வழிப்போக்கருக்கு உரியதாக வளரவில்லை.

ஐரோப்பாவில் அந்த வழிப்போக்கரையே வாடிக்கையாளராகக் கருதிய முதல் பெருமுயற்சி, ராபர்ட் ஹெரிஸ் என்பவரின் லண்டன் நிறுவனம் 1772 தொடக்கத்தில் வெளியிட்ட சுற்றுப் பணத்தாள்கள் ஆகும். ஏறத்தாழ 90 ஐரோப்பிய நகரங்களில் மாற்றத்தக்க இத்தாள்கள், பிரான்சையும் இத்தாலியையும் மாதக்கணக்கில் சுற்றிவந்த ஆங்கிலச் செல்வர்களுக்காக உருவானவை. பின்னாளில் இவ்வகைத் தாள்களுடன், வாங்கியவரின் கையொப்பம் அடங்கிய அறிமுகக் கடிதம் ஒன்றும் தரப்பட்டது. கடிதத்தையும் தாள்களையும் வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ளும்படி பயணிகள் அறிவுறுத்தப்பட்டனர், ஏனெனில் இரண்டில் ஒன்று மட்டும் களவுபோனால் திருடனால் அதைப் பணமாக்க இயலாது. 1874-இல் தாமஸ் குக் நிறுவனமும் இத்தகைய தாள்களை வெளியிட்டது.

இன்று நினைவிலிருக்கும் வடிவம் 1891-இல் பிறந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ஃபார்கோ ஐரோப்பாவில் பயணம் செய்தபோது, பெருநகரங்களைத் தாண்டியவுடன் தம் கடன் கடிதத்தைப் பணமாக்க முடியாமல் இடருற்றார். கடன் கடிதம் என்பது, இன்னாருக்கு இத்தொகை வரை கொடுக்கலாம் என்று ஒரு வங்கி தன் தொடர்புடைய வங்கிகளுக்கு எழுதித் தரும் ஆணை. அது குறிப்பிட்ட வங்கிகளில் மட்டுமே செல்லும். ஊர் திரும்பிய ஃபார்கோ தம் ஊழியர் மார்செல்லஸ் பெர்ரியிடம் மாற்று வழி கேட்க, பெர்ரி வகுத்த முறை வியப்பூட்டும் அளவு எளிமையானது. வாங்கும்போதே காசோலையின் ஓரிடத்தில் கையொப்பம்; பணமாக்கும்போது, கொடுப்பவரின் கண்முன்னே மற்றோரிடத்தில் மீண்டும் கையொப்பம். இரண்டும் ஒத்திருந்தால் பணம். தனிக் கடிதமோ பரிந்துரையோ தேவைப்படவில்லை. மனிதரின் கையே அடையாளமாயிற்று. 10, 20, 50, 100 டாலர் மதிப்புகளில் வெளியான இக்காசோலைகளை விடுதிகளும் கடைகளும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கண்முன் கையொப்பம் பெற்றுப் பணம் கொடுத்தவருக்கு நட்டம் வராது என்ற உறுதிமொழியே. களவுகொடுத்தவருக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி அதன் மறுபாதி. ஆக, வழியில் நேரும் களவின் இழப்பைப் பயணியும் கடைக்காரரும் அல்லாத மூன்றாம் தரப்பு தன் தோளில் ஏற்றுக்கொண்டது. இது ஈகையன்று. விற்ற நாளுக்கும் பணமாகும் நாளுக்கும் இடையே தன்னிடம் தங்கும் தொகையை முதலீடு செய்து நிறுவனம் ஈட்டிய வருவாய், களவு ஈடுகளுக்கான செலவைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டு, ஐரோப்பிய வங்கிகள் கடன் கடிதங்களை ஏற்க மறுத்தபோதும், பாரிஸின் ஸ்க்ரிப் தெருவிலிருந்த அந்நிறுவன அலுவலகம் இக்காசோலைகளுக்குப் பணம் கொடுத்தமையால், சிக்கிக்கொண்ட அமெரிக்கர் பலர் நாடு திரும்ப முடிந்தது.

1960-களிலும் 1970-களிலும் இஸ்தான்புல்லிலிருந்து தெஹ்ரான், காபூல், டெல்லி வழியாகக் காட்மாண்டு வரை தரைவழியே வந்த மேற்கத்திய இளைஞர்கள், குறிப்பாக இணையர்கள், இக்காசோலையை நம்பியே வீடு துறந்தனர். காசோலை எண்களை எழுதிய சீட்டை வேறொரு பையில் வைத்திருப்பது அவர்களது முதல் பாடம். எனினும் சிலர் காசோலைகளைக் கள்ளச் சந்தையில் விற்றுவிட்டுக் களவுபோனதாக முறையிட்டு இரட்டிப்புப் பணம் பெற முயன்றதால், உண்மையில் பறிகொடுத்தோரும் ஐயப் பார்வைக்கு ஆளாயினர்.

அதைவிடக் கொடியது வேறு. காசோலை கையொப்பத்தையும் கடவுச்சீட்டையும் சார்ந்ததாகிவிட்டதால், திருடனின் தேவை பணப்பையோடு நிற்காமல் பயணியின் அடையாளம் வரை நீண்டது. 1975 டிசம்பரில், ஆசியாவில் நெடும்பயணம் மேற்கொண்டிருந்த ஒரு டச்சு இளம் இணையர் தாய்லாந்தில் கொல்லப்பட்டனர். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சார்லஸ் சோப்ராஜ், அவர்களது கடவுச்சீட்டுகளைக் கொண்டே தன் துணையுடன் நேபாளத்துக்குச் சென்றதை டச்சுத் தூதரக அதிகாரி ஹெர்மன் க்னிப்பன்பர்க் பொறுமையாகத் திரட்டிய சான்றுகள் புலப்படுத்தின. 1976-இல் டெல்லியில் கைதான சோப்ராஜ் இந்தியாவிலும் பின்னர் நேபாளத்திலும் சிறையிருந்தாலும், அந்த இணையரின் கொலைக்காகத் தாய்லாந்தில் நீதிமன்ற விசாரணையே நடைபெறவில்லை. இழந்த காசோலைக்கு ஈடு உண்டு என்ற உறுதி எந்த எல்லையில் முடிந்துவிடுகிறது என்பதை இந்நிகழ்வைவிடத் துயரமாகக் காட்ட எதனாலும் இயலாது.

இணையர்களுக்கு இம்முறையில் மற்றொரு குறையும் இருந்தது: ஒருவர் பெயரில் வாங்கிய காசோலையை மற்றவர் மாற்ற முடியாது என்பதால், கணவர் மருத்துவமனையில் கிடந்தால் மனைவியிடம் கட்டுக்கட்டாகக் காசோலை இருந்தும் உணவுக்குப் பணமிராது. இருவரில் எவரும் கையொப்பமிட்டு மாற்றத்தக்க காசோலையை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1992-இல்தான், அதாவது முதல் காசோலைக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான், அறிமுகப்படுத்தியது. இத்தனை எளிய திருத்தத்துக்கு இத்தனை காலம் ஆனது, பயணி என்றால் தனி ஆடவர் என்றே நிறுவனங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தன என்பதையே காட்டுகிறது.

அதற்குள் தானியங்கிப் பணப் பொறிகள் உலகெங்கும் பரவியதால், 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் பயணிகள் காசோலையின் விற்பனை சரிந்தது. வங்கி அட்டை எடை குறைந்தது, விரைவானது. களவுபோனால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடக்கவும் இயலும். ஆனால் மாற்று அட்டையைப் பெரும்பாலான வங்கிகள் உள்நாட்டு முகவரிக்கே அனுப்புகின்றன. புதிய அட்டையை இயக்கத் தேவையான கடவெண்ணோ, அதே பையில் களவுபோன கைப்பேசிக்கு வருகிறது. அயலூரில் பறிகொடுத்தவர் எண்களைச் சொல்லி, கையொப்பமிட்டு, ஓரிரு நாளில் பணம் பெற்றுப் பயணத்தைத் தொடர உதவிய அந்த அலுவலக முகப்புகள் இன்று பெரும்பாலான நகரங்களில் மூடப்பட்டுவிட்டன.