வெற்றுக் கல்லறை வரை ஒரு நடை

வரலாற்றை ஏட்டில் படிப்பது ஒரு முறை. அது நிகழ்ந்த தெருக்களில் நடந்து படிப்பது மற்றொரு முறை. இரண்டாம் முறைக்கு இத்தாலியின் புளோரன்சு நகர் மிகவும் ஏற்றது. அங்கே வழிகாட்டி வேண்டுவதில்லை. நகரப் படம் ஒன்று கையில் இருந்தால் போதும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிற்குள், கவிஞர் தாந்தேயின் வாழ்வையும் மக்கள் மொழியொன்று ஏற்றம் பெற்ற வரலாற்றையும் கற்றுவிடலாம்.

நடையைப் புனித யோவான் திருமுழுக்கு ஆலயத்தில் தொடங்குதல் நன்று. 1265இல் பிறந்த தாந்தே, எண்கோண வடிவிலான இவ்வாலயத்தில்தான் திருமுழுக்குப் பெற்றார். எதிரே நிற்பது பேராலயம். புருனெல்லெஸ்கி 1436இல் கட்டி முடித்த அதன் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து வியந்தபின், உட்சுவரிலுள்ள 1465ஆம் ஆண்டு ஓவியத்தைக் காணுதல் வேண்டும். அதில் தாந்தே நூலைத் திறந்து ஏந்தியபடி நகர மதிலுக்கு வெளியே நிற்கின்றார். தாம் பிறந்த ஊருக்கு அவர் ஏன் புறத்தே நிற்கவேண்டும்?

விடையை நாடித் தெற்கே நடப்போம். குறுகிய தெருக்களின் சுவர்களில் அவருடைய காப்பிய அடிகள் பளிங்குப் பலகைகளில் மின்னுகின்றன. சற்று அப்பால் பார்ஜெல்லோ மாளிகை. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இது, நகர நீதித் தலைவரின் இருப்பிடமாக விளங்கியது. 1300இல் நகரை நடத்திய அறுவருள் ஒருவராக இருந்த தாந்தே, கட்சிப் பூசலால் 1302இல் நாடு கடத்தப்பட்டார். பிடிபட்டால் எரித்துக் கொல்லவேண்டும் என்பது நீதித் தலைவரின் தீர்ப்பு.

அக்காலத்தில் கற்றோர் மொழி இலத்தீன். இலக்கணம் பயிலாமலேயே செவிலியரிடம் குழந்தை கற்கும் மொழிதான் மேலானது என்று தாந்தே வாதிட்டார். அவ்வாதத்தைக் கற்றோர் ஏற்கவேண்டி இலத்தீனிலேயே எழுதினார்! ஆனால், ‘டிவைன் காமெடி’ என்று ஆங்கிலவழி நாம் அறிந்த பெருங்காப்பியத்தைத் தம் ஊர் மக்களின் மொழியிலேயே பாடினார். இன்றைய இத்தாலிய மொழிக்கு அதுவே அடித்தளமாயிற்று.

பார்ஜெல்லோவுக்கு எதிரே பாதியா மடம். அதன் அருகிலிருந்த சிற்றாலயத்தில், 1373இல், பொக்காச்சியோ அக்காப்பியத்தை மக்களுக்கு விளக்கிப் பாடம் நடத்தினார். ஊதியம் அளித்தது விரட்டிய அதே நகரந்தான்! ஆசிரியர்களாகிய நாம் சற்று நின்று நினைக்கத்தக்க இடம் இது.

நடை முடிவது சாந்தா குரோச்சே ஆலயத்தில். மைக்கலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி ஆகியோர் இங்கே துயில்கின்றனர். தாந்தேக்கும் 1829இல் எழுப்பிய பெருங்கல்லறை உண்டு. உள்ளே அவர் இல்லை. 1321இல் இரவென்னாவில் மறைந்த அவர் அவ்வூரிலேயே அடக்கமானார். 1519இல் திருத்தந்தையின் இசைவுடன் புளோரன்சினர் எலும்புகளை எடுக்கச் சென்றபோது பேழை வெறுமையாக இருந்தது. துறவியர் மறைத்துவைத்த அவை 1865இல்தான் கிடைத்தன. இன்றும் ஆண்டுதோறும் இரவென்னாக் கல்லறை விளக்கிற்குப் புளோரன்சு எண்ணெய் வழங்கி வருகின்றது.

மொழிக்கு உழைத்தவரை வாழும்போது விரட்டிவிட்டு, மறைந்தபின் எண்ணெய் அனுப்பும் நிலை எந்த ஊருக்கும் நேரலாம். நம்மிடையே வாழும் எழுத்தாளரை நம் மாணாக்கர் இன்றே அறியட்டும். அவ்வெற்றுக் கல்லறை நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.